என்வ் பகுதியும் கேலிபரேஷனும் ஒரே இரேஸ் பிளாக்கில்: எம்டி7628 பலகையில் எழுத மறுக்கும் பார்ட்டிஷன்

கொழிஞ்சாம்பாறை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பாலக்காட்டு மூலத்தறைக் கால்வாயின் கிளைகளில் நீர்மட்டம் அளந்து அனுப்பும் கருவிகளைப் பராமரித்து வருகிறேன். கம்பத்துக்கு ஒரு பெட்டி; அதற்குள் மீடியாடெக் எம்டி7628 சிப், 128 எம்பி ரேம், 16 எம்பி எஸ்பிஐ நார் ஃபிளாஷ்; மின்சாரம் வந்ததும் முதலில் ஓடிக் கர்னலை ஏற்றும் பூட்லோடராக யூ-பூட், அதற்கு மேல் ஓபன்டபிள்யூஆர்டி என்ற லினக்ஸ். ஆழியாற்றுத் தண்ணீர் திறந்துவிடும் நாட்களில் அளவு வராமல் நின்றால் கடைமடை விவசாயிகள் உடனே கேட்பார்கள். ஆகையால் நன்றாகத் தெரிந்துகொண்ட பிறகே எதிலும் கை வைக்க விரும்புகிறேன்.

பழைய கர்னல் இருந்தவரை, சர்வர் முகவரியை யூ-பூட் தன் அமைப்பு மாறிகளைச் சேமிக்கும் என்வ் பகுதியில் ஒரு மாறியாக வைத்திருந்தோம்; லினக்ஸிலிருந்தே எஃப்டபிள்யூ_செட்என்வ் கட்டளையால் மாற்றிக்கொள்வோம். புதிய கர்னல் ஏற்றிய பெட்டியில் அந்தக் கட்டளை எழுத முடியாது என்று திரும்பி வந்துவிடுகிறது. படிப்பதில் சிக்கல் எதுவும் இல்லை. கர்னலுக்கு வன்பொருள் விவரம் சொல்லும் டிவைஸ் ட்ரீயில் அந்தப் பகுதிக்கு ரீட்-ஒன்லி (படிக்க மட்டும்) என்ற குறிப்பும் இல்லை. எங்கே தேடுவது என்று வழி சொல்லுங்கள்.

வாளையார் எழுதியது:

தம்பி, ப்ராக் அடைவில் உள்ள எம்டிடி கோப்பை (ஃபிளாஷ் பகுதிகளின் பட்டியல்) பழைய கர்னலிலும் புதிய கர்னலிலும் திறந்து, இரண்டையும் அப்படியே இங்கே போடுங்கள். பூட் ஆகும்போது சீரியல் கன்சோலில் பார்ட்டிஷன் உருவாகும் இடத்தில் வரும் வரிகளும் வேண்டும். மூன்றாவது நெடுவரிசையில் இருப்பது இரேஸ் அளவு, அதாவது ஒரே தடவையில் அழிக்க வேண்டிய பிளாக்கின் அளவு. முக்கியமாக அதைத்தான் பார்க்க வேண்டும்.

கொழிஞ்சாம்பாறை எழுதியது:

அக்கா, நீங்கள் கேட்டவை இவை. பழைய கர்னலில்:

எம்டிடி0: 00030000 00001000 யூ-பூட்
எம்டிடி1: 00008000 00001000 என்வ்
எம்டிடி2: 00008000 00001000 ஃபேக்டரி

புதிய கர்னலில்:

எம்டிடி0: 00030000 00010000 யூ-பூட்
எம்டிடி1: 00008000 00010000 என்வ்
எம்டிடி2: 00008000 00010000 ஃபேக்டரி

இதற்குப் பின் ஃபர்ம்வேர் பகுதி தொடங்கி ஃபிளாஷின் கடைசி வரை செல்கிறது. கன்சோலில் இரண்டு எச்சரிக்கைகள் வருகின்றன. என்வ் பகுதி இரேஸ் பிளாக்கின் எல்லையில் முடியவில்லை, எனவே கட்டாயமாக ரீட்-ஒன்லி என்பது முதலாவது. ஃபேக்டரி பகுதி இரேஸ் பிளாக்கின் எல்லையில் தொடங்கவில்லை, எனவே அதுவும் ரீட்-ஒன்லி என்பது இரண்டாவது.

வேலந்தாவளம் எழுதியது:

அப்படியானால் கர்னல் தானாகவே பூட்டு போட்டிருக்கிறது. எம்டிடி பார்ட்டிஷன் நிரலில் அந்தச் சோதனை நடக்கும் இடம் சில வரிகள்தான். ரீட்-ஒன்லி ஆக்கும் வரியை மட்டும் எடுத்துவிட்டுக் கர்னலை மறுபடி கம்பைல் செய்தால் பழையபடி எழுதலாமே? அதில் ஆபத்து ஏதேனும் உண்டா?

வாளையார் எழுதியது:

பெரிய ஆபத்து உண்டு, தம்பி. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் இந்தப் பெட்டிகளை இப்போது காப்பாற்றிக்கொண்டிருப்பதே அந்தச் சில வரிகள்தான்.

நார் ஃபிளாஷில் எழுதுவது என்றால் 1 என்றிருக்கும் பிட்டை 0 ஆக்குவது மட்டுமே. 0 ஆனதை மீண்டும் 1 ஆக்க வேண்டுமானால் அந்த பிட் இருக்கும் பிளாக் முழுவதையும் அழித்தாக வேண்டும். தனி பைட்டை அழிக்க வழி கிடையாது. இந்த வகை 16 எம்பி சிப்புகளில் 4 கேபி அளவிலும் அழிக்கலாம், 64 கேபி அளவிலும் அழிக்கலாம். எதைக் கையாள்வது என்பதைக் கர்னலின் கட்டமைப்பு தீர்மானிக்கிறது. நீங்கள் கொடுத்த பட்டியலில் பழைய கர்னல் 4 கேபி முறையில் (பதினாறடிமானத்தில் 1000) இருந்தது, புதியது 64 கேபி முறைக்கு (10000) மாறியிருக்கிறது.

இப்போது உங்கள் அமைப்பைக் கணக்கிட்டுப் பாருங்கள். யூ-பூட் 192 கேபி. சரியாக மூன்று பிளாக்குகள். நான்காவது பிளாக்கின் முதல் 32 கேபி என்வ், அடுத்த 32 கேபி ஃபேக்டரி. அதாவது இரண்டும் ஒரே 64 கேபி பிளாக்கில் குடியிருக்கின்றன. 4 கேபி முறையில் இது பிரச்சினையே இல்லை, என்வுக்கு எட்டு சிறு பிளாக்குகள் தனியாகக் கிடைத்துவிடும். 64 கேபி முறையில் என்வில் ஒரு மாறியை மாற்றுவதற்காக அழித்தால் ஃபேக்டரி பகுதியும் சேர்ந்து அழிந்துபோகும்.

ஃபேக்டரியில் என்ன இருக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள். அந்த ஒரு பலகைக்காகவே ஆலையில் அளந்து பதித்த வைஃபை கேலிபரேஷன், மேக் முகவரி ஆகியவை அங்கேதான் இருக்கின்றன. ஃபர்ம்வேர் போனால் மறுபடி ஏற்றிவிடலாம். என்வ் போனால் யூ-பூட் தன்னுள் வைத்திருக்கும் இயல்பு மதிப்புகளால் எழுந்துவிடும். ஃபேக்டரி போனால் அதை எங்கிருந்தும் இறக்கிக்கொள்ள முடியாது. பக்கத்துப் பெட்டியிலிருந்து நகலெடுத்தால் இரண்டு பெட்டிகளுக்கும் ஒரே மேக் முகவரி வந்து நெட்வொர்க்கில் மோதும். கேலிபரேஷனும் வேறு பலகைக்கு அளந்ததாக இருக்கும்.

அந்தச் சோதனையை எடுத்துவிடுவது வேண்டாம்.

வேலந்தாவளம் எழுதியது:

புரிந்தது அக்கா. ஒரு சந்தேகம். மீதிப் பகுதியை முதலில் ரேமில் படித்து வைத்து, அழித்த பின் திரும்ப எழுதிவிட்டால் எதுவும் போகாதே? யூ-பூட் கன்சோலில் என்வைச் சேமிக்கும் சேவ்என்வ் கட்டளை கொடுக்கும்போது அப்படித்தானே நடக்கிறது?

வாளையார் எழுதியது:

ஆம், யூ-பூட்டின் எஸ்பிஐ ஃபிளாஷ் நிரல் அப்படித்தான் செய்கிறது. கட்டமைப்பில் என்வ் அளவைவிட செக்டார் அளவு பெரிதாக இருந்தால், எஞ்சிய பகுதியை ரேமுக்கு எடுத்து, பிளாக்கை அழித்து, என்வை எழுதி, எடுத்து வைத்ததைத் திருப்பி எழுதும். மின்சாரம் நிலையாக இருக்கும் மேசையில் இது ஒழுங்காக முடிந்துவிடும். ஆனால் 64 கேபி பிளாக் ஒன்றை அழிக்கவே வின்பாண்ட் டபிள்யூ25க்யூ128 போன்ற சிப்பில் வழக்கமாக 150 மில்லிசெகண்ட் ஆகிறது. உச்சவரம்பு 2 செகண்ட் வரை போகும் என்று அதன் தரவுத்தாளே சொல்கிறது. அதற்குப் பின் எழுதும் நேரம் வேறு. அந்த இடைவெளியில் கேலிபரேஷன் ரேமில் மட்டுமே இருக்கிறது. ஐப்பசி இடிமழையில் சித்தூர் வட்டாரத்தில் மின்சாரம் எப்படி வந்து வந்து போகும் என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும்.

ஆகவே கொழிஞ்சாம்பாறைத் தம்பி, உங்கள் யூ-பூட்டின் மூலக்கட்டமைப்பில் என்வ் செக்டார் அளவு 4 கேபியா 64 கேபியா என்று பலகையை வடிவமைத்த நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். அது தெரியும்வரை எந்தப் பெட்டியிலும் சேவ்என்வ் கொடுக்க வேண்டாம்.

கோவிந்தாபுரம் எழுதியது:

இவ்வளவு சிரமம் எதற்கு? எல்லாவற்றையும் எஸ்டி கார்டில் வைத்துவிட்டால் பார்ட்டிஷன் மாற்றுவது எளிதல்லவா?

வாளையார் எழுதியது:

எஸ்டி கார்டுக்குள் தனிக் கன்ட்ரோலர் இருந்து பிளாக்குகளைத் தானே நிர்வகிப்பதால் இரேஸ் அளவைப் பற்றி நாம் கவலைப்பட வேண்டியதில்லை என்பது உண்மை. ஆனால் எம்டி7628 எழுவது எஸ்பிஐ ஃபிளாஷிலிருந்துதான். பூட்லோடரும் கேலிபரேஷனும் அங்கேயே இருந்தாக வேண்டும். கார்டு சேர்த்தாலும் இந்தச் சிக்கல் அப்படியே இருக்கும். அளவுப் பதிவுகளைச் சேமிக்கக் கார்டு வைப்பது தனிப் பேச்சு.

கொழிஞ்சாம்பாறை எழுதியது:

அக்கா, 4 கேபி முறையைப் புதிய கர்னலிலும் இயக்கிவிட்டால் பழைய நிலை திரும்பிவிடும் அல்லவா? அதோடு இன்னொன்றையும் கவனித்தேன். சோதனைப் பலகையில் டிவைஸ் ட்ரீயைத் திருத்தி, ஃபிளாஷின் கடைசியில் 64 கேபி பகுதி ஒன்றைப் புதிதாகச் சேர்த்தேன். கம்பைல் ஆகி, ஏறி, எழுந்தும் விட்டது. ஆனால் எம்டிடி பட்டியலில் அந்தப் பகுதியைக் காணவில்லை. பழைய அமைப்பே வருகிறது.

வாளையார் எழுதியது:

இரண்டாவதை முதலில் பார்ப்போம். பூட்லோடர் கர்னலுக்குக் கொடுக்கும் கட்டளை வரியில் எம்டிடிபார்ட்ஸ் என்று ஒரு சொல் இருக்கிறதா என்று பாருங்கள். ப்ராக் அடைவில் சிஎம்டிலைன் கோப்பைத் திறந்தால் தெரியும். பார்ட்டிஷன் அமைப்பைக் கர்னல் பல இடங்களில் தேடும். வழக்கமான வரிசையில் கட்டளை வரியைத்தான் முதலில் பார்க்கும், அங்கே கிடைத்துவிட்டால் டிவைஸ் ட்ரீயில் எழுதியதைத் தொடாது. அந்தச் சொல்லுக்குப் பின் வரும் சாதனப் பெயர், உதாரணமாக எஸ்பிஐ0.0 என்பது, கர்னல் அந்தச் சிப்புக்கு வைத்திருக்கும் பெயரோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். பொருந்தினால் மட்டுமே அது ஆளும். இல்லையென்றால் அப்படியே ஒதுக்கப்படும். கர்னல் மாறும்போது இந்தப் பெயர் மாறிப்போய், அதுவரை ஆண்டுகொண்டிருந்த அமைப்பு திடீரென்று செயலிழப்பதும் உண்டு. ஒரே விஷயத்தை இரண்டு இடங்களில் எழுதி வைப்பது எனக்கு உடன்பாடில்லை. புதிய பலகையில் டிவைஸ் ட்ரீயில் மட்டும் வையுங்கள்.

முதல் கேள்விக்கு வருகிறேன். 4 கேபி முறையை இயக்கலாம், என்வ் எழுதவும் வரும். விலை நேரம்தான். 4 கேபி செக்டார் ஒன்றை அழிக்க வழக்கமாக 45 மில்லிசெகண்ட். 64 கேபிக்குப் பதினாறு முறை அழித்தால் 720 மில்லிசெகண்ட். அதே இடத்தை ஒரே பிளாக்காக அழித்தால் 150. சிப் முழுவதற்கும் கணக்குப் போட்டால் 38 செகண்டுக்கும் 3 நிமிடத்துக்கும் உள்ள வித்தியாசம். ஃபர்ம்வேர் புதுப்பிக்கும்போது மின்சாரம் போகக்கூடிய இடைவெளியும் அந்த அளவுக்கு நீள்கிறது. ஜேஎஃப்எஃப்எஸ்2 கோப்பமைப்பும் 4 கேபி பிளாக்கைச் சிறிது என்று கருதி, இரண்டிரண்டாகச் சேர்த்து 8 கேபியாகத்தான் கையாளும்.

என் கருத்து வேறு. சர்வர் முகவரி என்பது உங்கள் பயன்பாட்டின் அமைப்பு. அது பூட்லோடரின் என்வில் இருக்க வேண்டிய காரணமே இல்லை. எது எங்கிருந்து எழ வேண்டும் என்று யூ-பூட் தெரிந்துகொள்வதற்கான இடம் அது. அடிக்கடி மாறும் எதையும் அங்கே வைத்தால், அடிக்கடி அழிக்கப்படும் பிளாக் ஒன்று பூட்லோடருக்கும் கேலிபரேஷனுக்கும் நடுவே உட்கார்ந்திருக்கும். கம்பத்தில் இருக்கும் பெட்டிகளில் பூட்லோடரையோ அமைப்பையோ மாற்றாதீர்கள். என்வ் ரீட்-ஒன்லியாகவே இருக்கட்டும். முகவரியை ஓபன்டபிள்யூஆர்டியின் அமைப்புக் கோப்புகளான யுசிஐயில், ஃபர்ம்வேர் பகுதிக்குள் எழுதக்கூடிய இடமான ஓவர்லேயில் வையுங்கள். முதல் முறை எழும்போது பழைய மாறியை எஃப்டபிள்யூ_பிரிண்ட்என்வ் மூலம் படித்து யுசிஐயில் பதிக்கும் சிறு ஸ்கிரிப்ட் ஒன்று போதும். படிப்பதற்குத் தடை இல்லையே. பகுதிகளைச் சரியாகப் பிரிக்கும் வேலையை அடுத்த பலகையில் செய்யுங்கள்.

கொழிஞ்சாம்பாறை எழுதியது:

கட்டளை வரியில் எம்டிடிபார்ட்ஸ் இருக்கிறது அக்கா, பூட்லோடர்தான் கொடுக்கிறது. யுசிஐ வழி சோதனைப் பலகையில் வேலை செய்கிறது.

அடுத்த பலகைக்கு 32 எம்பி சிப் போடலாம் என்று எண்ணுகிறோம். முழு ஃபர்ம்வேர் இரண்டு பிரதிகள் வைத்து, ஒன்று பழுதானால் மற்றதில் எழச் செய்யலாம் என்பது திட்டம்.

தடா எழுதியது:

நண்பரே, 32 எம்பிக்குப் போகுமுன் இதைக் கவனியுங்கள். நாங்கள் எல்லைக்கு இந்தப் பக்கம், ஆந்திராவில், குளிர்பதன அறைகளுக்கான கருவிகளில் இதைச் சந்தித்திருக்கிறோம். மின்சாரத்தை நிறுத்திப் போட்டால் பெட்டி எழும். ரீபூட் கட்டளை கொடுத்தால் எழாது. கன்சோலில் ஓர் எழுத்துகூட வராது.

காரணம் முகவரியின் நீளம். 3 பைட் முகவரியால் எட்டக்கூடிய எல்லை 16 எம்பி. அதற்கு மேல் போகக் கர்னல் சிப்பை 4 பைட் முறைக்கு மாற்றுகிறது. ரீபூட்டில் பிராசஸர் மட்டும் ரீசெட் ஆகிறது. ஃபிளாஷுக்கு மின்சாரம் போகாததால் அது 4 பைட் முறையிலேயே காத்திருக்கிறது. சிப்புக்குள் இருக்கும் பூட் ரோம் 3 பைட் முகவரி அனுப்பிப் படிக்கிறது, குப்பை வருகிறது, அங்கேயே நின்றுவிடுகிறது. கர்னல் உறைந்தால் தானாக ரீசெட் செய்யும் வாட்ச்டாக் அடித்தாலும் இதே கதிதான். ஆளில்லாத கம்பத்தில் வாட்ச்டாக் உதவாது என்றால் பிறகு எது உதவும்?

தீர்வு வன்பொருளில்தான் இருக்கிறது. ஃபிளாஷின் ரீசெட் முனையைப் பிராசஸரின் ரீசெட் கோட்டோடு இணையுங்கள். அல்லது 4 பைட் முகவரிக்கென்றே தனி ஆப்கோடுகள் (கட்டளை எண்கள்) உள்ள சிப்பைத் தேர்ந்தெடுத்து, டிரைவர் அவற்றைத்தான் கையாள்கிறது என்று உறுதி செய்யுங்கள். அப்போது முறை மாற்றமே தேவைப்படாது. டிவைஸ் ட்ரீயில் புரோக்கன்-ஃபிளாஷ்-ரீசெட் என்று ஒரு பண்பு இருக்கிறது. அது ஒழுங்காக மூடப்படும்போது 3 பைட் முறைக்குத் திருப்பிவிடும், ஆனால் கர்னல் உறைந்து வாட்ச்டாக் அடிக்கும் நேரத்தில் அந்த நிரல் ஓடாது.

நகரி எழுதியது:

நாருக்குப் பதில் நாண்ட் வகை ஃபிளாஷ் பக்கம் போகலாமே என்று யாராவது கேட்பதற்கு முன் ஒரு சொல். எங்கள் வடிவமைப்பு எம்டி7621, 128 எம்பி நாண்ட். 128 கேபி பிளாக்குகள் 1024, ஒவ்வொன்றிலும் 2048 பைட் பக்கங்கள் 64. ஆலையிலிருந்து வரும்போதே சில பிளாக்குகள் கெட்டதாகக் குறிக்கப்பட்டிருக்கும், அது குறைபாடு அல்ல. இன்ன இடத்தில் கர்னல் என்று கணக்கிட்டு டிடி கட்டளையால் எழுதினால், கெட்ட பிளாக் குறுக்கிடும் பலகையில் மட்டும் எழாது. மற்றவை எல்லாம் நன்றாக எழுவதால் காரணம் கண்டுபிடிப்பதே கடினமாகிவிடும். பூட்லோடருக்கு மட்டும் நிலையான இடம் கொடுத்து, கர்னல், ரூட், என்வ் அனைத்தையும், கெட்ட பிளாக்குகளைத் தானே சமாளிக்கும் யுபிஐ அடுக்கின் வால்யூம்களாக வைப்பதே நல்லது. 2007இல் வந்த 2.6.22 முதல் யுபிஐ லினக்ஸிலேயே இருக்கிறது. கெட்ட பிளாக்குகளுக்காக 1024க்கு 20 என்று ஒதுக்கிக்கொள்ளும்; 128 எம்பியில் 2.5 எம்பி அதற்குப் போகும். பூட்லோடரும் கர்னலும் ஒரே ஈசிசி (பிழை திருத்தும்) முறையில் இருக்கின்றனவா என்பதைக் கட்டாயம் பாருங்கள். இல்லாவிட்டால் ஒன்று எழுதியதை மற்றது படிக்காது.

நீர்மட்டம் அனுப்பும் பெட்டிக்கு இது எதுவும் தேவையில்லை என்பது என் எண்ணம். 16 எம்பி நாரே போதும்.

வாளையார் எழுதியது:

நகரி ஐயா சொல்வதை ஏற்கிறேன். 16 எம்பியில் இரண்டு முழுப் பிரதிகளுக்குப் பதிலாக, ஒரு முழு ஃபர்ம்வேரும் ஒரு சிறு மீட்பு ஃபர்ம்வேரும் வைக்கலாம். மீட்புக்குள் கர்னலும், ரேமிலேயே ஓடும் சிறு கோப்பமைப்பான இனிட்ராம்எஃப்எஸ்ஸும் இருந்தால் போதும். அது மோடம் வழியாகச் சர்வரைத் தொட்டு, முழு ஃபர்ம்வேரை இறக்கி எழுதினால் வேலை முடிந்தது. நான் பரிந்துரைக்கும் அமைப்பு:

யூ-பூட் 256 கேபி, ரீட்-ஒன்லி
ஃபேக்டரி 64 கேபி, ரீட்-ஒன்லி
என்வ் முதல் பிரதி 64 கேபி
என்வ் இரண்டாம் பிரதி 64 கேபி
மீட்பு 5120 கேபி, ரீட்-ஒன்லி
ஃபர்ம்வேர் 10816 கேபி

கூட்டினால் 16384. எல்லாமே 64இன் மடங்கு. எந்த இரேஸ் முறைக்கு மாறினாலும் ஒருவர் வீட்டுச் சுவரை இடித்து இன்னொருவர் கட்ட வேண்டிய நிலை வராது.

என்வுக்கு இரண்டு பிரதிகள் ஏன் என்றால், யூ-பூட் புதியதை ஒன்றில் முழுவதும் எழுதிய பிறகே மற்றதைப் பழையது என்று குறிக்கும். நடுவில் மின்சாரம் போனால் அரைகுறைப் பிரதியின் சிஆர்சி (சரிபார்ப்பு எண்) பொருந்தாது, முந்தையது எடுத்துக்கொள்ளப்படும். ஒற்றைப் பிரதியில் தலைப்பு 4 பைட் சிஆர்சி மட்டும்; இரட்டைப் பிரதியில் அதோடு ஒரு பைட் கொடியும் சேர்கிறது. ஆகவே லினக்ஸ் பக்கத்துக் கருவிக்கான எஃப்டபிள்யூ_என்வ் அமைப்புக் கோப்பில் இரண்டு வரிகளும் இருக்க வேண்டும். தொடக்க இடம், என்வ் அளவு, செக்டார் அளவு மூன்றும் யூ-பூட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். என்வ் அளவை மாற்றி எழுதினால்கூட சிஆர்சி வேறு நீளத்துக்குக் கணக்கிடப்பட்டு, நல்ல என்வையே கெட்டது என்று கருவி சொல்லும். இரண்டு பிரதிகளும் போனாலும் பெட்டி எழ வேண்டும் என்பதால், யூ-பூட்டுக்குள் கம்பைல் ஆகும் இயல்பு மதிப்புகளையே முழுமையாக, மீட்பு வழி உட்பட, எழுதிவிடுங்கள்.

எத்தனை முறை எழ முயன்றது என்று எண்ணும் பூட்கவுன்ட் வசதியையும் இயக்குங்கள். எண்ணிக்கை என்வில் இருக்கும்போது, அப்கிரேட்_அவெய்லபிள் மாறி 1 ஆக இருந்தால் மட்டுமே யூ-பூட் அதைச் சேமிக்கும். புதுப்பித்தவுடன் ஸ்கிரிப்ட் அதை 1 ஆக்க வேண்டும். முதல் நீர்மட்ட அளவு சர்வருக்குச் சென்று சேர்ந்ததும் 0 ஆக்க வேண்டும். எண்ணிக்கை வரம்பைத் தாண்டினால் மாற்று பூட் கட்டளையான ஆல்ட்பூட்சிஎம்டி ஓடும். அதில் மீட்பைக் குறிப்பிடுங்கள். இந்த வகை ஃபிளாஷ் பிளாக்குகள் சுமார் 1 லட்சம் அழிப்புகளைத் தாங்கும் என்றாலும், ஒவ்வொரு பூட்டிலும் என்வை எழுதுவது வேண்டாத பழக்கம்.

கொழிஞ்சாம்பாறை எழுதியது:

அக்கா, மாதிரிப் பலகையில் இந்த அமைப்பை ஏற்றியாயிற்று. சேவ்என்வ் ஓடும்போது ரிலே வைத்து மின்சாரத்தை வெட்டிப் பார்த்தோம். ஒரு பிரதியின் சிஆர்சி கெட்டுப்போய், மற்றதிலிருந்து எழுந்ததைக் கன்சோலில் பார்க்க முடிந்தது. ஃபேக்டரியின் நகல் வெட்டுவதற்கு முன்பும் பின்பும் ஒன்றாகவே இருந்தது. வடிவமைத்த நிறுவனத்திடமிருந்தும் பதில் வந்துவிட்டது: பழைய பலகைகளின் யூ-பூட்டில் என்வ் செக்டார் அளவு 64 கேபி.

அப்படியானால் கம்பத்தில் இருக்கும் பெட்டிகளுக்கு இப்போது என்ன செய்வது?

வாளையார் எழுதியது:

சேவ்என்வ் தடை அந்தப் பெட்டிகளுக்கு நிரந்தரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிய கர்னலை ஏற்றுவதற்கு முன், ஒவ்வொரு பெட்டியின் எம்டிடி2ஐயும் கோப்பாகப் படித்து, மேக் முகவரியையே கோப்புப் பெயராக வைத்துச் சர்வரில் சேமியுங்கள். எஸ்எஸ்எச் போதும், கம்பத்தில் ஏற வேண்டியதில்லை. சேமித்ததைத் திறந்து பாருங்கள். எம்டி7628இல் முதல் இரண்டு பைட்டுகள் 28, 76 என்றிருக்க வேண்டும்; சிப்பின் எண்தான் முன்பின்னாக இருக்கும். தொடக்கத்திலிருந்து நான்கு பைட்டுகள் தள்ளி, வைஃபையின் மேக் முகவரி ஆறு பைட்டுகளில் தெரியும். கோப்பு முழுவதும் எல்லா பிட்டும் 1 ஆகவே இருந்தால் அந்தப் பெட்டியின் ஃபேக்டரி ஏற்கெனவே அழிந்திருக்கிறது. அதைத் தனியாகக் குறித்து வைத்து, ஆலையின் சோதனைப் பதிவில் அந்தப் பலகையின் கோப்பு இருக்கிறதா என்று கேளுங்கள்.

பிற்பாடு எதையாவது திரும்ப எழுத நேர்ந்தால், பலகையைக் கழற்றி மேசையில் வைத்து புரோகிராமரால் எழுதுங்கள். மலிவான சிஎச்341ஏ புரோகிராமர் பலகைகள் சிலவற்றில் தரவுக் கோடுகளில் 5 வோல்ட் வருகிறது. உங்கள் ஃபிளாஷ் 3.3 வோல்ட். கிளிப்பை மாட்டும் முன் மல்டிமீட்டரால் அளந்துவிடுங்கள்.

கொழிஞ்சாம்பாறை எழுதியது:

நன்றி அக்கா. நகல் எடுக்கும் ஸ்கிரிப்டை எழுதி, முதல் இரண்டு பைட்டுகளையும் அதிலேயே சரிபார்க்கச் செய்துவிட்டேன். தண்ணீர் நிறுத்தியிருக்கும் இந்த வாரத்திலேயே எல்லாப் பெட்டிகளிலும் ஓட்டி, அழிந்த ஃபேக்டரி ஏதேனும் கிடைத்தால் இங்கேயே எழுதுகிறேன்.